இரண்டு கப்பல், இரண்டு கோப்பை

குன்னூர் வீட்டு ஜன்னலோரம் இரண்டு வெள்ளைக் கோப்பைகள் ஆவி விடுகின்றன. ஒன்றில் நான்கு முறை போய்வந்த பழைய கப்பலின் டீ. மற்றதில், இந்த முறை போகலாம் என்று தபித்தாள் கேட்கும் புதுக் கப்பலின் டீ. தேயிலை ஃபேக்டரியில் டீ ருசி பார்க்கும் வேலையிலிருந்து ஓய்வுபெற்ற அவர் கணவர் லெஸ்லி, அறை, நீச்சல்குளம், துறைமுகம் எதையும் பார்க்காமல், கப்பலை ஸ்பூனால் தீர்மானிக்கப் போகிறார். இரண்டு கப்பலின் டீத்தூளையும் வாங்கிவந்த டிராவல் ஏஜெண்ட் செல்லதுரை, லேப்டாப்பைத் திறந்துவைத்துத் தீர்ப்புக்குக் காத்திருக்கிறார். பழைய கப்பலின் சமையற்காரர் கோத்தகிரிக்காரர். ஏறியதும் அவருக்கு டீ போடச் சொல்லித்தர அடுப்படிக்குள் நுழையும் லெஸ்லி, இறங்கும்போதுதான் வெளியே வருவார். நான்கு முறையும் தபித்தாள் கடலைத் தனியாகத்தான் பார்த்தார். புதுக் கப்பலில் பயணிகளை அடுப்படிக்குள் விடுவதில்லை. ஆனால் அவர்களுடைய டீ வைக்கோலாக மணந்தது. தபித்தாள் அதைக் கொட்டிவிட்டு, வீட்டிலிருந்த நல்ல தூளை ரகசியமாகப் போட்டிருக்கிறார். அது லெஸ்லி முப்பது வருஷம் ருசி பார்த்த அதே ஃபேக்டரியின் தூள் என்பது இப்போதுதான் உறைக்கிறது. லெஸ்லி பழையதைச் சத்தமாக உறிஞ்சி, துப்புகிறார். புதியதை உறிஞ்சுகிறார். துப்பவில்லை. வாயில் வைத்தபடியே மனைவியைப் பார்க்கிறார். சேலைத் தலைப்பு அவர் விரலில் இறுகுகிறது.

“ஏனுங்க, நல்லால்லீங்களா?”

ருசி பார்ப்பவர் விழுங்கக் கூடாது. லெஸ்லி விழுங்குகிறார்.

“செல்லதுரை, புதுசுக்கே டிக்கெட் போடுங்க. அந்த அடுப்படில நான் போய்ச் சொல்லித்தர ஒண்ணுமில்லீங்க.”