வாய்க்காலுக்கு அந்தப் பக்கம்

"அண்ணே, ஆத்தா போயிருச்சுண்ணே. தங்கச்சிய அனுப்பி வைங்க."

அழகர்கோவில் ரோட்டு விடுதியின் வாசலில், துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றான் பாண்டிராஜ். விஸ்வேஸ்வரன் சட்டென்று மாடியைத்தான் அண்ணாந்து பார்த்தார். நல்லவேளை, பால்கனியில் யாரும் இல்லை.

"எப்பப்பா?"

"விடியக்காலம். நாலு நாளா முடியாமத்தான் கெடந்துச்சு. முத்துமீனாவுக்குப் போன் போட்டா எடுக்கவே மாட்டேங்குறா."

எப்படி எடுப்பாள்? அங்கே தங்கியிருந்த கவுன்சிலர்கள் அத்தனை பேரின் போனும் விஸ்வேஸ்வரனின் அறையில் அல்லவா கிடந்தது!

மறுநாள் காலையில் மாநகராட்சி மண்டலத் தலைவர் தேர்தல். விஸ்வேஸ்வரனின் மனைவி சாவித்ரி நிற்கிறாள். அந்த நாற்காலிக்கு ஜனங்கள் ஓட்டுப் போடுவதில்லை. மண்டலத்துக்குள் வரும் வார்டுகளின் கவுன்சிலர்கள்தான் போடவேண்டும். அதனால் ஜெயித்து வந்தவர்களைப் பஞ்சாரத்துக்குள் கோழியை அடைக்கிற மாதிரி அடைத்து, பிரியாணி போட்டுக் காவல் காப்பது வழக்கமாகிவிட்டது.

முத்துமீனா முதல் தடவையாகக் கவுன்சிலர் ஆனவள். கூலி வேலைக்குப் போன குடும்பம். அவர்கள் காலனிக்கும் சுடுகாட்டுக்கும் நடுவே ஒரு சாக்கடை வாய்க்கால். போன மழைக்கு அவள் அப்பாவைத் தூக்கிப் போனபோது பாடை சரிந்து, பிணம் தண்ணீருக்குள் விழுந்துவிட்டது. வாய்க்காலைத் தாண்ட ஒரு பாதை வேண்டும் என்றுதான் அவள் தேர்தலில் நின்றாள். விஸ்வேஸ்வரன் சாவித்ரிக்கு ஓட்டுக் கேட்டு வந்தபோதும் அதைத்தான் கேட்டாள்.

"போட்டுடலாம்மா," என்று சொல்லியிருந்தார் விஸ்வேஸ்வரன், போனைப் பார்த்துக்கொண்டே.

இப்போது ஒரு ஓட்டுக் குறைந்தாலும் சாவித்ரிக்கு நாற்காலி இல்லை.

"பாண்டி, நாளைக்கு ஓட்டு முடிஞ்சதும் நானே கார்ல கூட்டிட்டு வாரேன். அதுவரைக்கும் வச்சிருங்கப்பா."

"அம்புட்டு நேரம் எப்படிண்ணே வச்சிருக்க? பொழுது சாய எடுத்துரணும்ங்கிறாக. பெத்த மக வாய்க்கரிசி போட வேணாமா?"

"இப்பச் சொன்னா அந்தப் புள்ள தாங்காது. நான் பக்குவமாச் சொல்லிக்கிறேன். நீ கெளம்பு."

பாண்டிராஜ் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனான்.

விஸ்வேஸ்வரனுக்கு மனசு உறுத்தாமல் இல்லை. ஆனால் உறுத்தலைவிட நாற்காலி பெரிதாக இருந்தது. விஷயம் எப்படியாவது அவள் காதுக்கு எட்டி, கிளம்பிவிட்டால்? அங்கேயே நின்று, எந்தப் பக்கமும் சாயாமல் இருந்த கவுன்சிலர் கிருஷ்ணபிரசாத்துக்குப் போன் போட்டார்.

"உங்க வார்டு பூங்காவையே மொத வேலையா எடுத்துக்குவோம் சார். இந்த வருஷ நிதி மொத்தமும் அதுக்குத்தான். ஓட்டு மட்டும் நமக்கு."

கிருஷ்ணபிரசாத் சரி என்றார். அப்போதாவது முத்துமீனாவை அனுப்பியிருக்கலாம். அனுப்ப விஸ்வேஸ்வரனுக்கு மனசு வரவில்லை.

மத்தியானப் பந்தியில் முத்துமீனா இலையைத் தொடவில்லை. காலையில் தலையில் இருந்த பூவையும் காணோம்.

"பிகு பண்றா. கடைசி நேரத்துல ரேட்டை ஏத்தப் பாக்குறா போல," என்று கிசுகிசுத்தாள் சாவித்ரி.

"இவங்களுக்கு எம்புட்டுச் செஞ்சாலும் பத்தாது," என்றார் விஸ்வேஸ்வரன்.

மறுநாள் வாக்குச்சீட்டு எண்ணி முடித்தபோது, எதிர்பார்த்ததைவிட ஓட்டுக் கூடவே விழுந்திருந்தது. சாவித்ரி ஜெயித்துவிட்டாள். வெடி, மாலை, சால்வை. கூட்டத்தைவிட்டு ஒதுங்கி, சுவரைப் பிடித்தபடி நின்றாள் முத்துமீனா.

கொடுத்த வாக்குப்படி அவளைக் காரில் ஏற்றிக்கொண்டார் விஸ்வேஸ்வரன். தெப்பக்குளம் தாண்டியதும் தொண்டையைச் செருமினார்.

"அம்மா முத்துமீனா, மனசைத் தேத்திக்கணும். உங்க அம்மா..."

"தெரியும்ணே."

விஸ்வேஸ்வரன் சட்டென்று அவள் பக்கம் திரும்பினார்.

"நேத்து மாடி ஜன்னல்ல நின்னேன். எங்கண்ணன் துண்டை வாயில வச்சப்பவே தெரிஞ்சு போச்சு. நேத்துச் சாயங்காலமே எடுத்திருப்பாக."

"தெரிஞ்சுமா இருந்தே? வந்து கேட்டிருந்தா நான் விட்டிருப்பேனேம்மா!"

"நீங்க விடலைன்னாலும் போயிருப்பேண்ணே. வாசல் வரைக்கும் ஓடினேன். நான் போனா ஒரு ஓட்டுக் கொறையும், பாதை வராதேன்னு தோணிச்சு. திரும்பி வந்து உக்காந்துட்டேன்."

அவள் அழுகையை அடக்கிப் பார்த்தாள். முடியவில்லை.

"ஆத்தா மொகத்தைக்கூடப் பாக்கலண்ணே. அதையும் அந்தச் சாக்கடைக்குள்ளதான் எறக்கித் தூக்கிப் போயிருப்பாக. எங்க தெருவுல இனி யாரும் அப்படிப் போகக் கூடாதுண்ணே. ஆத்தாவோட வருஷத் தெவசத்துக்காவது எங்கண்ணன் கால் நனையாம அங்க போகணும்."

அவள் ஓட்டு இல்லாமலேயே ஜெயித்திருப்பார்கள் என்பது விஸ்வேஸ்வரனுக்குத் தெரியும். அவள் கேட்கிற பாதைக்கான பணம் நேற்றே பூங்காவுக்குப் போய்விட்டது என்பதும் தெரியும்.

கார் காலனி முனையில் நின்றது. வாய்க்கால் நாற்றம் உள்ளே வந்தது. முத்துமீனா கதவைத் திறந்தவள், இறங்காமல் ஒரு நிமிஷம் தயங்கினாள்.

"இந்த வருஷமே போட்டுருவீகள்லண்ணே?"

"போட்டுடலாம்மா," என்றார் விஸ்வேஸ்வரன். கையில் போன் இல்லை. இருந்தும் அவர் தலையை நிமிர்த்தவே இல்லை.