ஒரு புள்ளி

ஈரத்துணியை இரண்டு முறை பிழிந்தார் மார்க்கர். மனசு கேட்காமல் மூன்றாவது முறையும் பிழிந்தார்.

தண்ணீர் குடித்த மரம் வளைந்துவிடும்.

பில்லியர்ட்ஸ் கோலான கியூவின் நுனியிலிருந்து கைப்பிடிவரை ஒரே இழுப்பாகத் துடைத்தார். நுனியில் இருந்த நீலச் சாக்பொடி ஆறு வருஷத்துக்கு முன்பே போய்விட்டது. துணியில் வந்தது வெறும் தூசி.

ஈரம் ஊறுவதற்குள் காய்ந்த துணியால் துடைத்தார். உள்ளங்கையில் மூன்று சொட்டு எண்ணெய் விட்டு, மரம் சூடேறும்வரை தேய்த்தார்.

கிளப்பின் பில்லியர்ட்ஸ் அறையில் புள்ளி சொல்வது, ஃபவுல் சொல்வது, சுவர் ஸ்டாண்டில் நிற்கும் கியூக்களைப் பார்த்துக்கொள்வது, எல்லாம் அவர் வேலை. மற்ற கியூக்களுக்கு மாதம் ஒரு தடவை. பதினோராம் இடத்தில் நிற்கும் இதற்கு மட்டும் வாரம் தவறாது.

காலையில் செக்ரட்டரி அதைப் பார்த்துவிட்டார்.

"இப்படித் தேய்ச்சா அது கரைஞ்சே போயிரும் மார்க்கர். இன்னைக்கோட எடுத்திருங்க. அந்த இடம் புது மெம்பருக்கு."

மார்க்கர் தலையாட்டினார். கடைசித் தடவை என்பதால் இன்னும் மூன்று சொட்டு விட்டார்.

இந்தக் கியூ கடைசியாக ஆடியது ஒரு ஃபைனல். எதிரே ஆடிய வக்கீலுக்கு ஜெயிக்க இன்னும் மூன்று புள்ளி வேண்டும். இந்தக் கியூக்காரனுக்கு ஐந்து.

வக்கீல் மேஜைமேல் முக்கால் உடம்பைச் சாய்த்துச் சிவப்புப் பந்தை அடித்தார். அது பாக்கெட்டில் விழுந்தது. மூன்று புள்ளி.

அடிப்பதற்கு முன்னால் அவர் சட்டைக் கை இன்னொரு பந்தை உரசியது. கரும்புள்ளி வைத்த வெள்ளைப் பந்து. மார்க்கரைப் பார்த்திருந்த புள்ளி, ஒரு நெல்லளவு விலகி நின்றது.

ஃபவுல். ஆட்டம் கைமாறியிருக்க வேண்டும்.

கூட்டத்தில் யாரும் பார்க்கவில்லை. வக்கீலுக்கே தெரியவில்லை. நாற்காலியில் உட்கார்ந்திருந்தவன் பார்த்தான். பார்த்துவிட்டு மார்க்கரை நிமிர்ந்து பார்த்தான்.

மார்க்கர் புள்ளிப் பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டார். "மூணு" என்றார்.

அவன் எழுந்துபோய் வக்கீலின் கையைக் குலுக்கினான். கியூவை ஸ்டாண்டில் நிறுத்தினான். அதற்குப் பிறகு இந்த அறைக்கு அவன் வரவில்லை. வேறெங்கும் ஆடவுமில்லை.

வேலை போய்விடும் என்று பயந்தாரா? வக்கீல் தங்கமான மனுஷர். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவரே மேஜையை விட்டு விலகியிருப்பார். காசு கைமாறியதா? அப்படிச் சொல்பவன் நாக்கு அழுகிவிடும்.

பிறகு ஏன் என்று அவன் ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் தேவலை. சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதாவது கேட்டிருக்கலாம்.

கியூவைக் காலி மேஜைமேல் உருட்டிவிட்டார். தட்டாமல், தடுமாறாமல், நூல் பிடித்தாற்போல் உருண்டது. ஆறு வருஷத்தில் ஒரு மயிரிழை வளையவில்லை. இப்போது கொண்டுபோய்க் கொடுத்தாலும் ஆடலாம்.

கதவு திறந்தது. செக்ரட்டரி புது மெம்பரோடு வந்தார்.

"இவருதான் சார் எங்க மார்க்கர். இந்த மாதிரி நேர்மையான ஆளை எங்கயும் பார்க்க முடியாது. ஒரு ஃபைனல்ல தோத்தது இவரு சொந்தப் பையன். பையனுக்காக ஒரு வார்த்தை பேசணுமே... மூச்!"

புது மெம்பர் மரியாதையோடு கையை நீட்டினார்.

மார்க்கர் கியூவை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு நின்றார்.