எறி

“இது பந்துவீச்சில்லை, தம்பி. எறி. கையை மடக்கிறாய், நோ-பால்.”

“விக்கெட் விழுந்ததைப் பாக்கேல்லையோ, அம்பயர்?”

“பாத்தனான். இனி உனக்குப் பந்து இல்லை.”

ஜெர்மனியின் பீலெஃபெல்ட் நகரத் தமிழர் விளையாட்டு விழாவில், எல்லாரும் பார்க்க நடந்த அந்தப் பேச்சு, இரண்டு வருடமாகியும் நிஷாந்தனின் காதை விட்டுப் போகவில்லை. அன்றோடு கிரிக்கெட்டைத் தலைமுழுகிவிட்டு பேஸ்பால் பழகினான். இன்று இரண்டாம் நிலை லீக் அணி, பந்து எறிய ஓர் இளைஞனைத் தேர்ந்தெடுக்கும் நாள்.

இருபது பந்து எறிந்தான். வேகம் அளக்கும் கருவியைப் பார்த்த பயிற்சியாளர், “மணிக்கு நூற்று முப்பத்தைந்து கிலோமீட்டர். முழங்கையை இப்படி மடக்க யார் பழக்கியது?” என்று ஜெர்மன் மொழியில் கேட்டார்.

“ஒருவரும் இல்லை. இதற்காகத்தான் கிரிக்கெட்டில் என்னை நிறுத்தினார்கள்.”

“இங்கே மடக்காதவனைத்தான் நிறுத்துவோம். திங்கட்கிழமை வா.”

கம்பி வேலிக்கு வெளியே அதே அம்பயர் நிற்பதைக் கண்டதும், நிஷாந்தன் நிமிர்ந்தபடி அவரிடம் போனான்.

“என்னை எடுத்திட்டினம்.”

“கண்டனான். எண்டாலும் கிரிக்கெட்டில அது பிழைதான், தம்பி.”

“பிழையாவே இருக்கட்டும். ஒருக்கா, ஒரேயொருக்கா, நல்லா எறிஞ்சாயெண்டு சொல்லுங்கோ, அப்பா.”