கழுவாத இரைப்பை

"அப்பா, அம்மா இதை உள்ள விடுவாங்கன்னு நினைக்கிறீங்களா?"

மகள் சட்டைக் காலரை மூக்குவரை இழுத்துக்கொண்டு கேட்டாள்.

மருந்துக்கடை நடத்தும் அவள் அப்பா பையை வாசலிலேயே வைத்தார். உள்ளே கழுவாத ஆட்டு இரைப்பை. ஆடு கடைசியாகத் தின்ற புல், பாதி செரித்து அப்படியே ஒட்டியிருந்தது. அலசினால் சத்து போய்விடுமாம். அலசாவிட்டால் மானம் போய்விடும்.

"கொடுத்தே ஆகணும்னா சொன்னார் நாய் டாக்டர்?"

"அப்படிச் சொல்லல. பச்சை இறைச்சி தின்னு வளர்ந்த நாய் இப்ப அதையே தொட மாட்டேங்குது. இதைக் கொஞ்சம் கலந்து பாருங்க, சில நாய் இந்த வாடைக்குச் சொக்கிடும்னார். தனிக் கத்தி, தனிப் பலகை வெச்சுக்கங்க, கையை நல்லாக் கழுவுங்க, வீட்ல இருக்கறவங்களையும் ஒரு வார்த்தை கேட்டுக்கங்கன்னார்."

"அந்தக் கடைசி விஷயம்தான்பா கஷ்டம்."

கஷ்டம்தான். அவர் மனைவியின் மூக்கு குடும்பத்தில் பிரசித்தம். பக்கத்து வீட்டில் பால் அடிப்பிடித்தால் இங்கே முகம் சுளிக்கும். நாய் மழையில் நனைந்து வந்த ஒரு நாள், அது காயும்வரை அவரும் அதோடு வாசலில் உட்கார வேண்டியிருந்தது.

ஆனால் தொரையின் விலா எலும்பை இப்போது தடவியே எண்ணிவிடலாம். தொரை என்பது நாய்தான். வந்த நாளிலிருந்து செய்யும் அதிகாரத்துக்கு வைத்த பெயர். இன்னும் இளைத்தால் தாங்காது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

"அம்மா வேண்டாம்னா தூக்கிப் போட்டுடறேன்," என்று பையோடு சமையலறைக்குள் போனார்.

மனைவி வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். ஒரு முழம் தள்ளிப் பலகையை வைத்து அவர் இரைப்பையை அறுத்தார். பச்சைச் சாறு வழிந்தது. கூடத்தில் மகள் ஜன்னல்களைப் படபடவென்று திறக்கும் சத்தம் கேட்டது.

அவர் திட்டுக்காகக் காத்திருந்தார்.

"தொரைக்கா?"

"ஆமா. நீ வேண்டாம்னா..."

"கொடுங்க. பாவம், வயிறு ஒட்டிப்போச்சு. தொட்டியை மட்டும் நல்லாத் தேய்ச்சுக் கழுவிடுங்க."

அன்று தொரை தட்டையும் சேர்த்து நக்கியது. சில நாட்களில் விலா எலும்பு மறையத் தொடங்கியது. அவருக்குப் பெருமை தாங்கவில்லை. கடைக்குக் காய்ச்சல், தலைவலி என்று வந்தவர்களிடமெல்லாம் சொன்னார்.

"எனக்காக ஒரு நாள் சிகரெட் வாடையைப் பொறுத்திருப்பாளா? நாய்க்காக எதையெல்லாம் பொறுத்துக்கிறா பாருங்க!"

ஞாயிற்றுக்கிழமை அவருடைய தங்கை வந்தாள். சமையலறை வாசலை எட்டியவள் வந்த வேகத்தில் கூடத்துக்கு ஓடினாள்.

"ஐயோ அண்ணி! இதுக்குள்ள நின்னு எப்படித்தான் சமைக்கிறீங்க?"

"உங்க அண்ணிக்குத் தொரைமேல அவ்வளவு பாசம்," என்றார் அவர். மனைவியின் பக்கம் திரும்பினார். "விளையாட்டுக்குச் சொல்லல. இந்த நாத்தத்தை நீ சகிச்சுக்கிட்டதுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல."

மனைவி காய் நறுக்குவதை நிறுத்தினாள்.

"அவ்வளவா நாறுது?"

மகள் சிரித்தாள். அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள்.

"எனக்குத் தெரியலைங்க. போன மாசம் காய்ச்சல்ல படுத்து எழுந்ததிலேருந்து ஒரு வாசனையும் தெரியல. பூவும் ஒண்ணுதான், புகையும் ஒண்ணுதான். கருகினாத் தெரியாதேன்னு அடுப்பை விட்டு நகராம சமைக்கிறேன்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னேனே." குரலில் கோபம் இல்லை. "காபி மணக்கவே மாட்டேங்குது, பயமா இருக்குன்னு சொன்னேன். அன்னிக்குத்தான் தொரை தட்டை முகர்ந்துகூடப் பார்க்கல. மோப்பம் போயிடுச்சோன்னு பதறி, அதை மடியில போட்டுக்கிட்டு டாக்டர்கிட்டப் போனீங்க."

கத்தியை மறுபடி எடுத்துக்கொண்டாள்.

"காரை ஓட்டினது நான்தான்."