வெட்டிவேர் வைத்த விருந்து

லாரிப் பட்டறைக்காரர்கள் வருஷக்கணக்காகப் பழைய இஞ்சின் ஆயிலைக் கொட்டிய மண்ணுக்குள் ஒரு வெட்டிவேர் இறங்கிக்கொண்டிருந்தது. ஒரு முழ ஆழத்தில் அதன் நுனி அப்படியே நின்றுவிட்டது. எதிரே கன்னங்கரேலென்று ஆயில் தேங்கிக் கிடந்தது. தொட்டால் நுனி கருகிவிடும். இறங்காவிட்டால் கோடையில் தண்ணீர் எட்டாது.

அங்கே சில நுண்ணுயிர்கள் வேறு வழியில்லாமல் அந்த ஆயிலைத்தான் தின்று பிழைத்துக்கொண்டிருந்தன. வேருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "நீங்கதான் எனக்கு வழி பண்ணிக் கொடுக்கணும்" என்று சொல்லி, அவற்றின் தெம்புக்காகத் தன் இனிப்புச் சாற்றைக் கசியவிட்டது.

கூட்டம் நூறாகி, லட்சமாகிப் பெருகியது. ஆனால் ஆயில் பக்கம் ஒன்றுகூடத் திரும்பவில்லை.

"வேலையை ஆரம்பிக்கலாமே?" என்றது வேர்.

"இன்னும் கொஞ்சம் ஊத்துங்கக்கா. தெம்பு வரட்டும்" என்றன நுண்ணுயிர்கள்.

"அதுங்க சாப்பிடட்டும் தாயி" என்றது ஆயில், பரிவாக. "உன் தாராள மனசு யாருக்கு வரும்!" சொல்லிக்கொண்டே ஒரு விரற்கடை முன்னால் நகர்ந்தது.

வேர் உச்சி குளிர்ந்துபோய் இன்னும் ஊற்றியது. நாலாம் நாள் நுனித்தோல் சுரீரென்று எரிந்தது. "ஐயோ!" என்று வேர் அலறியது. நுண்ணுயிர் ஒன்றுகூடச் சாற்றிலிருந்து வாயை எடுக்கவில்லை.

வேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு சாற்றை நிறுத்தியது.

முதலில் நுண்ணுயிர்கள் முணுமுணுத்தன. பிறகு திட்டின. பிறகு பசித்தது. கடைசியில் ஒரு நுண்ணுயிர் முகத்தைச் சுளித்துக்கொண்டே திரும்பி ஆயிலை ஒரு கடி கடித்தது. அதன் பின்னால் லட்சம் வாய்கள் திரும்பின.

"தாயி!" ஆயிலின் குரல் முதல்முறையாக நடுங்கியது. "வீட்டுக்கு வந்தவங்கள இப்படியா பட்டினி போடுவே? பாவம், ஒரு வாய் ஊத்தேன்!"