ஒரு விரல் வைத்தால் போதும்

“தையல் வகுப்புக்கு நேரமாச்சும்மா, எனக்கு வேணாம்” என்று மாசிதா செருப்பைத் தேடினாள்.

இந்தோனேசியத் துறைமுக ஊரான மக்காஸரில் எந்தத் தாயும் செய்வதைத்தான் அம்மாவும் செய்தாள். தக்காளியில் சிவந்த நாசி கோரெங் என்னும் வறுத்த சோற்றுத் தட்டோடு வாசலை மறித்து நின்றாள்.

“எடுத்து வச்ச சோத்தைத் தொடாமப் போனா வழியில ஆபத்துடி. ஒரு விரலாவது வச்சுட்டுப் போ.”

மாசிதா சிரித்தபடி ஒரு பருக்கையை எடுத்து நாக்கில் வைத்தாள். “போதுமா?”

“உனக்குப் போதும்.” அம்மா வாழை இலையில் ஒரு பொட்டலம் மடிக்க ஆரம்பித்தாள். “இது தெருமுனையில பைக்கோட நிக்கிறானே ரிஸ்வான், அவனுக்கு. அவனும் தொட்டப்புறம் ரெண்டு பேரும் கப்பல் ஏறுங்க.”

மாசிதாவின் கைப்பை நழுவியது. மடித்து வைத்த துணிமணியெல்லாம் தரையில் சிதறின.

“அம்மா... அப்பாவுக்குத் தெரிஞ்சா வெட்டிப் போட்டுருவாரே!”

திரைக்குப் பின்னால் கட்டில் கிறீச்சிட்டது.

“ஓடிப்போற பொண்ணை வழியனுப்பி வச்சேன்னு தெரிஞ்சா ஊர்ல நான் தலைநிமிர முடியாது. அதனால நான் இன்னும் தூங்கிட்டுத்தான் இருக்கேன்” என்றது அப்பாவின் குரல். “அந்தப் பையனுக்கு ஒரு முட்டை சேர்த்து வைடி.”