பழைய எல்லை

டொரொண்டோவுக்கு வடக்கே இரண்டு கிராமங்களைச் சேர்த்து ஒரே நகரசபையாக்கி இருபது வருடமாகிறது. சேர்த்த அன்று பழைய எல்லையில் இரண்டு ஊராரும் பனி அள்ளும் சவள்களால் ஆளையாள் அடித்துப் பிளந்தார்களாம்.

திலக்சன் அங்கே, முன்னால் இரும்புப் பிளேட் பூட்டிய பனி தள்ளும் ட்ரக் ஓட்டப் போனது இந்தக் குளிருக்குத்தான். வேலை எடுத்துக் கொடுத்தவர், டொரொண்டோ மல்வேர்னில் அவனுடைய பக்கத்து வீட்டு யோசப்; அவரும் அங்கேதான் ட்ரக் ஓட்டுகிறார்.

"பழைய எல்லை வந்தா பிளேட்டைத் தூக்கிக்கொண்டு தாண்டு, தம்பி."

"இப்ப ஒரே சபைதானே, அண்ணை?"

"ஓம். எண்டாலும் தூக்கு."

அந்த இடத்தைத் தள்ளாமல் விடுவது வெறும் சோம்பல் என்று நினைத்த திலக்சன் ஒருநாள் தூக்கவில்லை. பிளேட் எதிலோ மோதியது. எலும்பு முறியும் சத்தம் கேட்டது. பனி சிவப்பாகக் கிளம்பி முன்கண்ணாடியில் அடித்தது. இறங்கிப் பார்த்தான். மனிதரும் கிடக்கவில்லை, மிருகமும் கிடக்கவில்லை. ட்ரக்கைத் திருப்பிக் கொண்டுவந்ததும் யோசப் சுடுதண்ணீர் ஊற்றிப் பிளேட்டைக் கழுவினார்.

சனிக்கிழமை காலை மல்வேர்னில் முழங்காலளவு பனி. எப்போதும் இரண்டு வீட்டு வாசலையும் சேர்த்துத் தள்ளுகிற யோசப், அன்று இரண்டு வீட்டுக்கும் நடுவிலுள்ள எல்லை வந்ததும் சவளைத் தூக்கிவிட்டார்.

"அண்ணை களைச்சுப் போனார் போல. மிச்சத்தை நான் தள்ளுறன்" என்று திலக்சனின் மனைவி நிலாணி சவளால் தங்கள் பக்கமிருந்து அவர் பக்கத்துக்குத் தள்ளிக்கொண்டு போனாள்.

"தூக்கு" என்று திலக்சன் ஜன்னலைத் திறந்து கத்தினான்.

அதற்குள் எலும்பு முறியும் சத்தம் கேட்டுவிட்டது. பனி கிளம்பி அடித்து நிலாணியின் வெள்ளை ஜாக்கெட் கழுத்துவரை சிவந்தது.

யோசப் சுடுதண்ணீர் எடுக்க உள்ளே போனார்.